போட்டோவில் விழாத கை

சத்தம் போடாமல் வாருங்கள். முன்வாசலில் இருக்கும் ஆமைப் படப் பலகையும் மூங்கில் நாற்காலியும் இளநீரும் விருந்தாளிகளுக்கு. நாம் இன்று நுழைவது பின்பக்கத் தகரக் கதவு வழியாக. அது கிரீச்சிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் போட இங்கே யாருக்கும் நேரமில்லை. ஏன் இல்லை என்பது மதியத்துக்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இடம் ஹாவ்லாக். போர்ட் பிளேரிலிருந்து வேகக் கப்பலில் ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் வந்தால் அதற்கும் மேலே ஒரு தூக்கம். 2018 டிசம்பர் 30 முதல் அரசுத் தாள்களில் இதன் பெயர் ஸ்வராஜ் த்வீப். ஜெட்டியில் இறங்கினால் ஆட்டோக்காரர் முதல் மீன்காரர் வரை வாயில் வருவது ஹாவ்லாக்தான். கடற்கரைகளைப் பெயரைவிட எண்ணால் அழைப்பதுதான் இங்கே வழக்கம்: இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர், ஐந்தாம் நம்பர். 2004-இல் 'டைம்' பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று கொண்டாடிய ராதாநகர்கூட உள்ளூரில் வெறும் ஏழாம் நம்பர்.

இந்தத் தீவில் ஒரு ஸ்கூபா கடையின் புக்கிங் மேசை என்னுடையது. போன் எடுப்பது, தேதி குறிப்பது, பணம் வாங்குவது, நடுவில் தைரியம் சொல்வது. "எனக்கு நீச்சல் தெரியாதே, பரவாயில்லையா?" என்று கேட்பார்கள். "தெரியவே வேண்டாங்க, எங்க ஆள் கூடவே இருப்பார்" என்பேன். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனால் அந்த 'எங்க ஆள்' தண்ணீருக்குள் போய் என்ன செய்கிறார் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. காலையில் காய்ந்த சட்டையோடு போவார், மதியம் உப்புப் பூத்த முகத்தோடு வருவார், எங்கேயாவது சாய்ந்து தூங்கிவிடுவார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் எங்கள் இன்ஸ்ட்ரக்டர் அண்ணன். தூத்துக்குடிக்காரர். ஒரு நாள் அவரே சொன்னார்: "ஏம்மா, போன்ல நீ பாட்டுக்கு வாக்குக் குடுத்துட்டு இருக்கே. ஒரு நாள் கூட வந்து பாரு. அதுக்கப்புறம் என்ன வேணா சொல்லு." முதலாளியும் தலையாட்டிவிட்டார். எனக்குக் குஷி தாங்கவில்லை. வாருங்கள், போவோம்!

முதல் நிறுத்தம், கம்ப்ரஸர் கொட்டகை. மணி ஐந்துதான், ஆனால் நன்றாக விடிந்துவிட்டது. இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்பதால் கிழக்குக் கோடியில் கிடக்கும் எங்களுக்குச் சூரியன் சீக்கிரமே வந்துவிடும், மாலையிலும் அதே அவசரத்தில் கிளம்பிவிடும். கொட்டகைக்குள் இயந்திரம் போடும் சத்தத்தில் பேச்சுக்கு வேலையே இல்லை, எல்லாம் கைஜாடைதான். காதில் பஞ்சடைத்துக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பவர் எங்கள் தாதா. கடையில் எல்லோருக்கும் அவர் தாதாதான். வங்காளத்திலிருந்து குடியேறிய குடும்பம், இந்தத் தீவின் பல கிராமங்களைப் போலவே.

சிலிண்டர்களை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொன்றின் தோளையும் தொட்டுப் பார்க்கிறார். காற்று ஏற ஏற உலோகம் சூடாகும், சூடு அதிகமென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். 200 பார் அழுத்தம் வரை ஏற்றுவார். கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய தொண்ணூறு மடங்கு! கேட்டதும் நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். தாதா சிரித்தார்.

"ஆக்ஸிஜன் சிலிண்டர்தானே இது?" என்று போனில் கேட்பவர்களுக்கு இதோ ஒரு ரகசியம்: இதில் இருப்பது ஆக்ஸிஜன் இல்லை. நீங்களும் நானும் இப்போது மூச்சில் இழுக்கிற இதே காற்றுதான். வடிகட்டி, ஈரம் நீக்கி, அமுக்கி அடைத்தது. அதனால்தான் காற்றை உறிஞ்சும் குழாய்ப் பக்கம் ஸ்கூட்டரை நிறுத்தினாலோ, யாராவது பீடி பற்றவைத்தாலோ, பேசவே பேசாத தாதா வங்காளம், இந்தி, கொஞ்சம் தமிழ் என்று மூன்று மொழியிலும் பொரிந்து தள்ளுவார். நிரம்பிய சிலிண்டரின் வால்வை ஒரு நொடி திறந்து காற்றை முகர்ந்து பார்க்கிறார். வாடை ஏதும் இல்லை என்று உறுதியான பிறகுதான் அதன் வாயில் நாடா ஒட்டுகிறார். நாடா இருந்தால் நிறைந்தது, இல்லாவிட்டால் காலி. கடையில் யாரும் மீறாத ஒரே சட்டம் இந்த நாடாதான்.

அடுத்து சாமான் அறை. மூக்கைக் கொஞ்சம் தயார்படுத்திக்கொள்ளுங்கள். ஈர ரப்பர், உப்பு, டெட்டால், நேற்றைய வியர்வை எல்லாம் சேர்ந்து ஒரு வாடை. சுவர் முழுக்கக் கறுப்பு உடைகள் தலைகீழாகத் தொங்குகின்றன. மூலையில் ஜோடி பிரிந்த துடுப்புக் காலணிகள், பழைய பெயின்ட் வாளியில் ஈயக் கட்டிகள், ஆணியில் யாரோ மறந்துபோன கூலிங் கிளாஸ். அலமாரியில் குழந்தைகள் ஷாம்பு நாலைந்து பாட்டில்.

"யார் வீட்டுக் குழந்தைக்கு அண்ணே இவ்ளோ ஷாம்பு?"

"எல்லாம் நம்ம கெஸ்ட்டு குழந்தைங்களுக்குத்தான்" என்று ஒரு முகமூடியை எடுத்து உள்கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துக் காட்டினார். தண்ணீருக்குள் கண்ணாடி மூடுபனி பிடிக்காமல் இருக்கவும், கண் எரியாமல் இருக்கவும் இதுதான் வழி. "ஷாம்பு தீர்ந்துபோச்சுன்னா எச்சில். ஆனா கெஸ்ட்டு பாக்கும்போது துப்பிறக் கூடாது, பாத்துக்கிடு."

மிட்டாய் டப்பா ஒன்றைத் திறந்தார். உள்ளே சுண்டுவிரல் மோதிரம் அளவில் கறுப்பு ரப்பர் வளையங்கள். சிலிண்டரும் மூச்சுக் குழாயும் சேரும் இடத்தில் உட்காருகிற ஓ-ரிங். சில ரூபாய்ச் சாமான்தான், ஆனால் அது கிழிந்தால் அத்தனை அழுத்தக் காற்றும் 'புஸ்ஸ்' என்று ஓடிவிடும். தாதாவின் ஒரு மணி நேர உழைப்பு காலி. அண்ணன் தன் வீட்டுச் சாவிக் கொத்திலும் இரண்டு வளையம் கோத்து வைத்திருக்கிறார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது கூடவே போகுமாம்.

அப்புறம் பாரம் ஏற்றும் படலம். காலிச் சிலிண்டரே 14 கிலோவுக்கு மேல், காற்று அடைத்தால் இன்னும் இரண்டு கிலோவுக்கு மேல் கூடும். காற்றுக்கும் எடை உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அன்று என் தோளில் வந்து உட்கார்ந்தது. ஒரே ஒரு சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கீழே வைத்துவிட்டேன். அண்ணனும் பையன்களும் தோளுக்கு ஒன்றாகத் தூக்கி ஜீப்பில் அடுக்கினார்கள். இரண்டாம் நம்பர் கடற்கரையில் மறுபடி இறக்கி, மணலில் நடந்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, நிற்கிற டுங்கிக்குக் கைமாற்றினார்கள். டுங்கி என்றால் இங்கே மரப் படகு.

ஏன் கரைக்கே படகைக் கொண்டுவரக் கூடாது என்று கேட்டேன். படகோட்டி கடலைக் காட்டினார். வற்றம் ஆரம்பித்துவிட்டது. இந்தத் தீவின் கீழைக் கரைகளில் தண்ணீர் வற்றினால் வெகுதூரத்துக்குப் பாறையும் சேறுமாகக் கிடக்கும். கடையின் நேர அட்டவணை என்று நான் கணினியில் பெருமையாகப் போட்டு வைத்திருப்பதெல்லாம் உண்மையில் கடல் போட்டுக் கொடுப்பது. 'ஏழரை மணிக்கு வரட்டுமா, ஒன்பதுக்கு வரட்டுமா?' என்று கேட்பவர்களிடம் நான் 'யோசித்து'ச் சொல்லும் பதில், இந்தப் படகோட்டி முந்தைய நாளே பார்த்து வைத்துவிட்ட ஏற்றவற்றக் கணக்கு!

மணி ஏழரை. விருந்தாளிகள் வந்தாயிற்று. இப்போது அண்ணனைப் பாருங்கள்! இதுவரை 'ஏல, அந்த வாளிய எடு' என்று கத்திக்கொண்டிருந்தவர் தலையைக் கோதி, குரலைத் தாழ்த்தி, ஒரு புன்னகையை மாட்டிக்கொண்டார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி, கல்கத்தாவிலிருந்து இரண்டு கல்லூரி நண்பர்கள், நடுத்தர வயதில் ஒரு தனி மனிதர். அண்ணன் கைகுலுக்கும் சாக்கில் ஒவ்வொருவரையும் தலை முதல் கால் வரை ஒரு முறை பார்த்துவிட்டு, "மீடியம், ஸ்மால், லார்ஜ், லார்ஜ், எக்ஸ்எல்" என்று பின்பக்கம் சொல்லிவிட்டார். ஐந்து உடையும் சரியாகப் பொருந்தின.

"படிவத்துல எடை எழுதியிருக்காங்களே, அதைப் பாக்க மாட்டீங்களா?" என்றேன். "அதுல எல்லாரும் மெலிஞ்சுதான் இருப்பாங்க" என்றார். எழுதியதை நம்பி ஈயம் கட்டினால் ஆள் மூழ்கமாட்டாராம், மிதந்துகொண்டே இருப்பாராம்.

அந்தப் படிவத்தின் இன்னொரு பக்கம்தான் அன்றைக்கு எனக்குப் பாடம். ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, காதில் அறுவை நடந்ததா என்று கேள்விகள். தனியாக வந்தவர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று ஒரே வேகத்தில் கோடு போட்டுக் கொடுத்தார். என் மேசையாக இருந்தால் வாங்கி அடுக்கியிருப்பேன். அண்ணனோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார். குளிர்காலத்தில் அங்கே எப்படி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா, பையில் என்னென்ன மருந்து. ஐந்தாவது நிமிடம் பையிலிருந்து ஒரு இன்ஹேலர் வெளியே வந்தது. "சார், டாக்டர் ஒரு கடிதம் குடுத்தா நாளைக்கே நானே கூட்டிட்டுப் போறேன். இன்னைக்குக் கண்ணாடிப் படகுல போயி மேல இருந்து பாருங்க, அதே மீனுதான்." அவருக்கு முகம் வாடியது. அண்ணன் விடவில்லை, தன் பங்குத் தேநீரை அவர் கையில் கொடுத்து, அவர் சிரிக்கும் வரை பேசிவிட்டுத்தான் எழுந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி எனக்குக் கண் காட்டினார். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு நான் ஏன் மறுக்கப் போகிறேன்?

அடுத்து கைமொழி வகுப்பு. தண்ணீருக்குள் பேச முடியாது, எல்லாம் விரல்தான். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் வட்டமாகச் சேர்ந்தால் 'நலம்'. கையை விரித்து ஆட்டினால் 'ஏதோ சரியில்லை'. கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்'. இந்தக் கடைசி ஒன்றில்தான் எல்லாக் கூத்தும். மீனைப் பார்த்த மகிழ்ச்சியில் மக்கள் 'சூப்பர்' என்று கட்டைவிரலை உயர்த்துவார்கள், இன்ஸ்ட்ரக்டர் கடமை தவறாமல் மேலே தூக்கி வந்துவிடுவார், 'ஏன் சார் அதுக்குள்ள கூட்டிட்டு வந்துட்டீங்க?' என்று மேலே வந்ததும் சண்டை. "சூப்பரா இருந்தாலும் வட்டம், சுமாரா இருந்தாலும் வட்டம்" என்று அண்ணன் மூன்று முறை சொல்ல வைத்தார். கல்கத்தாத் தம்பி ஒருவன் மூன்றாவது முறையும் கட்டைவிரலைத்தான் காட்டினான்.

இனி தண்ணீர். நான் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஸ்நார்க்கல் குழாயைக் கடித்தபடி மேலே மிதந்தேன். நீங்களும் என் பக்கத்திலேயே இருங்கள், நல்ல இடம் இது. கீழே நீமோ ரீஃப். புதியவர்களுக்கு 12 மீட்டருக்குக் கீழே அனுமதி கிடையாது, இங்கே அதில் பாதி ஆழமே கண்ணுக்கு விருந்து.

முதலில் வந்தவர் கோயம்புத்தூர் மாப்பிள்ளை. "நான் முதல்ல போய்ப் பாத்துட்டு வரேன், நீ பயப்படாதே" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வீரமாக இறங்கினார். இரண்டு மீட்டரில் கை விரிந்து ஆடியது. காது! ஆழம் கூடக் கூடத் தண்ணீர் காதை அழுத்தும். பத்து மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் சரியாகும். அவருக்கு ஆகவில்லை. அண்ணன் அவரை ஓரடி உயர்த்தினார், ஊதச் சொன்னார், மறுபடி அரையடி இறக்கினார். மாடிப்படியில் குழந்தையை இறக்குவது போல அப்படி ஒரு நிதானம். மேலிருந்து பார்த்த எனக்கே பொறுமை போனது. அவருக்குப் போகவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். விருந்தாளி முன்னால் கைகால்களை விரித்து மிதக்கிறார். அண்ணன் அவருக்குப் பின்னால், சற்று மேலே. அவருடைய ஒரு கை சிலிண்டரின் கழுத்தை விடவே இல்லை. இன்னொரு கை அடிக்கடி முன்னால் வந்து மிதவைச் சட்டைக்குக் கொஞ்சம் காற்று விடுகிறது, கொஞ்சம் எடுக்கிறது. விருந்தாளி தானே நீந்துவதாக நினைத்துக்கொண்டு துடுப்பை ஆட்டுகிறார். உண்மையில் அவரை நடத்திப் போவது அந்தப் பின்கை. கால் பவளத்தில் படப் போனால் இரண்டங்குலம் மேலே, கடல் சாமந்திக்குள் ஒளிந்திருக்கும் நீமோ மீன் பக்கம் முகம் வர வேண்டுமென்றால் லேசாக இடப்பக்கம். நீச்சல் தெரியாதவரைக் கடலுக்குள் கூட்டிப் போகும் மாயம் இவ்வளவுதான். இவ்வளவேதான் என்று சொல்லிவிட்டேனே தவிர, என் கை ஐந்து நிமிடம் அப்படித் தாங்காது.

படம் எடுப்பவன் எதிரே வந்ததும் இன்னொரு வேடிக்கை. அண்ணன் சட்டென்று தலையைக் குனிந்து விருந்தாளியின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொள்கிறார். ஃபிளாஷ் அடித்ததும் மறுபடி எட்டிப் பார்க்கிறார். "படத்துல நான் இருந்தா, 'நடுவுல யாருங்க இந்தாளு?'ன்னு கேப்பாங்கம்மா" என்றார் பிறகு. எங்கள் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களை நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சிலிண்டருக்கு மேலே ஓரத்தில் ஒரு கை வெட்டுப்பட்டிருக்கும். அந்த ஓரங்களை வெட்டியவர்களில் நானும் உண்டு, 'படம் சுத்தமா வரட்டும்' என்று!

புதுப்பெண்ணின் முறை வந்தது. முகமூடிக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்ததும் எழுந்துவிட்டார். மறுபடி, மறுபடி. "என்னால முடியாதுங்க, விட்டுடுங்க." அண்ணன் தைரியம் சொல்லவில்லை, விளக்கவும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்து, "உங்க ஊர்ல கல்யாணச் சாப்பாட்டுல என்னம்மா விசேஷம்?" என்று கேட்டார். நான் குழாய்க்குள்ளேயே சிரித்துவிட்டேன். அந்தப் பெண் திகைத்து, பிறகு பந்தியை இலையின் ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். இனிப்பு, கூட்டு, சாம்பார் என்று ரசத்துக்கு வரும்போது மூச்சு சீராகிவிட்டது. "மோரு வரைக்கும் மேல வந்து சொல்லுங்க, இப்ப ஒருதரம் மூச்ச மட்டும் பாப்போம்" என்று முகமூடியை மாட்டினார். இறங்கினார்கள். கணவரைவிட அதிக நேரம் அடியில் இருந்துவிட்டு வந்து, அந்தப் பெண் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "இன்னொரு தடவை போகலாமா?"

படகில் இடைவேளை. விருந்தாளிகளுக்குப் பிஸ்கட் பாக்கெட்டும் வாழைப்பழமும். பின்பக்கம் இயந்திரப் பெட்டி மேல் எங்களுக்குப் பிளாஸ்க் தேநீர், அதே பிஸ்கட்டின் உடைந்த துண்டுகள். டீசல் வாடை இலவசம். "அந்தச் சிங்க மீனைப் பாத்தீங்களா அண்ணே? அப்படியே செட்டையை விரிச்சுக்கிட்டு!" என்று நான் குதித்தேன்.

"எந்தச் சிங்க மீனு?"

"உங்க மூக்குக்கு நேரா போச்சே!"

"நான் அந்தப் பொண்ணு கண்ணத்தாம்மா பாத்துக்கிட்டிருந்தேன்."

பயம் முதலில் கண்ணில் தெரியுமாம், அடுத்து குமிழியில். சீராக வரும் குமிழி நல்ல குமிழி. கொத்துக் கொத்தாக அவசரமாக வந்தால் ஆள் பதறுகிறார். நடுநடுவே மீதிக் காற்றைக் காட்டும் முள், துடுப்புக்குக் கீழே பவளம், பக்கத்துக் குழு எங்கே என்று ஒரு பார்வை. இத்தனைக்கும் நடுவில் மீன் பார்க்க ஏது நேரம்? ஆனால் மீன் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். கல்கத்தாத் தம்பி ஒவ்வொரு படமாகக் காட்ட, "இது களவா, இது கிளாத்தி, அது சீலா" என்று சொல்லிவிட்டு, எது குழம்புக்கு, எது வறுவலுக்கு என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

பவளத்தைத் தொடாதே என்று அவர் அத்தனை முறை சொல்வதற்கும் காரணம் உண்டு. 1998-இலும் 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் வெளுத்துப் போயின. உயிர் மீண்டு வளர்கிற கிளை ஒன்றை ஒரு துடுப்பு உதை முடித்துவிடும். உடைந்து கிடக்கும் துண்டைப் பையில் போடுவதும் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பிடிப்பார்கள்.

படகோட்டி அதுவரை வாயே திறக்கவில்லை. அவர் கரேன் இனத்தவர். 1925-இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பக்கம் குடியேறிய மக்களின் வழி. ஹாவ்லாக்கைச் சுற்றிப் பழகிய முக்குளிப்பவர்கள் தேடிப் போகும் ஆழமான இடங்களில் டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ், ஜாக்சன்ஸ் பார் என்று மூன்று உண்டு. ஏதோ வெள்ளைக்கார மாலுமிகள் வைத்துக்கொண்ட பெயர்கள் என்றுதான் போனில் அடுக்கிக்கொண்டிருந்தேன். படகோட்டி சிரித்தார். டிக்சனும் ஜானியும் ஜாக்சனும் இந்தக் கடலிலேயே முக்குளித்து வேலை பார்த்த கரேன் ஆட்களாம்! படங்களில் முகம் வராத தொழிலில், கடலடிப் பாறைகளுக்கே பெயர் வந்திருக்கிறது. உலகின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் படகு கேட்க வேண்டும். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அண்ணனைப் பார்த்து, "உங்க பேர்ல ஒண்ணு வைக்கச் சொல்லவா?" என்றேன். "வையேன், 'தூக்கக்காரன் குழி'ன்னு" என்றார்.

தேநீர் ஆறுவதற்குள் அவர் தாத்தா கதையும் வந்தது. தாத்தா தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர். அங்கே அரசு கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961-இல். சிலிண்டர் ஏது, காலில் கல்லைக் கட்டி இறங்கி, பிடித்த மூச்சு முடிவதற்குள் சிப்பியை அள்ள வேண்டும். மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவர் மனைவியின் கூடப்பிறந்தவராக இருப்பார் என்று அந்தக் கரையில் சொல்வார்கள். தங்கச்சி தாலிக்காவது கயிற்றை விடமாட்டான் அல்லவா! "எங்க தாத்தாவுக்கு மச்சான் கயிறு பிடிச்சாரு. இவங்களுக்கு இங்க நான்தான் மச்சான்" என்று அண்ணன் சொன்னதும் கோயம்புத்தூர் மாப்பிள்ளை எழுந்து வந்து கைகொடுத்தார். "அப்ப சீர் எப்ப சார் செய்வீங்க?" என்றார். படகே குலுங்கியது.

கடைசி நிறுத்தம், கழுவும் முற்றம். விருந்தாளிகள் படங்களைப் பார்த்துக் கூச்சலிட்டபடி முன்வாசலில் இளநீர் குடிக்கிறார்கள். பின்பக்கம் மூன்று பெரிய தொட்டிகள். ஒன்றில் மூச்சுக் குழாய்கள், ஒன்றில் முகமூடிகள், ஒன்றில் ரப்பர் உடைகள். உப்பு ஒட்டியிருந்தால் எல்லாம் அரித்துப்போகும், எனவே நல்ல தண்ணீரில்தான் அலச வேண்டும். தீவில் நல்ல தண்ணீர் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிற பண்டம், அதனால் இந்த வரிசை மாறாது. மிகச் சுத்தமானது முதலில், உடைகள் கடைசியில். உடைகள் ஏன் கடைசி என்று கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். ஒரு மணி நேரம் தண்ணீரில் மிதந்தால் மனித உடம்பு என்ன கேட்கும்? உடையைத் திருப்பித் தரும்போது யாராவது அளவுக்கு மீறி அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டால், தாதா ஒரு புருவத்தை மட்டும் உயர்த்துவார். அந்த உடை நேராக டெட்டால் வாளிக்குப் போகும். அன்று எது போயிற்று என்பதை நான் சொல்லமாட்டேன், தொழில் தர்மம்.

அண்ணன் வெயிலில் நின்றுகொண்டு நடுங்கினார். கடல் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, ஆனால் தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். விருந்தாளி ஒரு முறை இறங்குகிறார், இவர் ஒவ்வொருவரோடும் இறங்குகிறார். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிவிட்டன, தோளில் பட்டைத் தழும்பு, காதில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்தபடியே பதிவேட்டில் எழுதினார்: யார், எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எவ்வளவு காற்று மிச்சம். எழுதி முடித்தார். சோறும் மீன் குழம்பும் வந்தன. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, தொங்கும் உடைகளின் நிழலில் பாய் விரித்தார். அடுத்த நிமிடம் குறட்டை. பின்கதவின் கீலுக்கு எண்ணெய் போட ஏன் யாருக்கும் நேரமில்லை என்பது இப்போது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஒரே கடையில், ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தும் அடுத்தவர் வேலை நமக்குத் தெரிவதில்லை. நான் போனில் ஒரு வரியில் விற்கிற நம்பிக்கையை இவர்கள் தோளிலும் கையிலும் காதிலும் சுமந்து நிறைவேற்றுகிறார்கள். அதற்குப் பிறகு என் மேசையில் சில மாற்றங்கள். மருத்துவப் படிவத்தை இப்போது வரி வரியாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பணம் வாங்குகிறேன். படங்களின் ஓரத்தை வெட்டுவதில்லை. உங்கள் அலுவலகத்திலும் பக்கத்து மேசைக்காரரோடு ஒரு நாள் சும்மா கூடப் போய்ப் பாருங்கள், காசு செலவில்லாத சுற்றுலா அது.

அந்தமானுக்கு வந்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். படிவத்தில் எடையையும் நோயையும் மறைக்காமல் எழுதுங்கள். சளி பிடித்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், காது திறக்காது. ஒரு முறை மூழ்கினாலும் அடுத்த 12 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது, பல முறை என்றால் 18 மணி நேரம், அதற்கேற்பத் திரும்பும் சீட்டைப் போடுங்கள். எதையும் தொடாதீர்கள், எதையும் எடுக்காதீர்கள். மேலே வந்ததும் போட்டோவைக் கேட்பதற்கு முன்னால், உங்களைப் பின்னாலிருந்து பிடித்திருந்தவரின் பெயரைக் கேளுங்கள்.